எதிர் சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது எப்படி?

முன்பின் தெரியாத ஒருவரிடம் நாமாக வாய் திறப்பதைத் தமிழில் 'பேச்சுக் கொடுப்பது' என்கிறோம். நல்ல சொல். கொடுக்கிறோம், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் வாங்கிக்கொண்டாலும் சரி, வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாலும் சரி, நம்மிடமிருந்து எதுவும் குறைந்துவிடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது பழகப் பழக வரும்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த முதல் ஆறு மாதத்தில், 'அரை லிட்டர் பால் ஒண்ணு குடுங்கண்ணா' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய. பேச ஆசை இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மாதம் ஒருமுறை எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போவேன். அந்த வண்டியில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். அதனால் ரயிலை வைத்தே சொல்கிறேன். ரயிலில் கைவந்துவிட்டால் டீக்கடை, ஆஸ்பத்திரி வராந்தா, கல்யாண வீட்டுப் பந்தி எல்லா இடத்திலும் வந்துவிடும்.

ஏன் ரயில்?

பஸ்ஸில் முன்னால் இருப்பவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போகிறோம். ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியில் எதிரும் புதிருமாக மூன்று மூன்று பேர், நடைவழிக்கு அந்தப் பக்கம் சைடு பெர்த்தில் இரண்டு பேர், ஆக எட்டுப் பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மிடில் பெர்த்தைப் போட்டுப் படுப்பதற்கு ரயில்வே வைத்திருக்கும் நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. எட்டு மணி வாக்கில் கிளம்பும் வண்டியில் அதுவரை மூன்று பேரும் லோயர் பெர்த்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் நமக்கு வகுப்பு. பேச்சு நன்றாகப் போனால் விழுப்புரம் தாண்டியும் போகும். போகவில்லையா, பெர்த்தைப் போட்டுப் படுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எப்போது முடியும் என்று முதலிலேயே தெரிந்த பேச்சில் பயம் குறைவு.

ஆர்.ஏ.சி. டிக்கெட் வந்தால் வருத்தப்படாதீர்கள். ஒரே சைடு லோயரில் இரண்டு பேர் காலை மடக்கிக்கொண்டு எதிரெதிரே உட்காரும் இடம் அது. அங்கே பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நாம் பேசினால் அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்றுதான் எல்லோரும் தயங்குகிறோம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு உளவியலாளர்கள், சிகாகோவில் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்துச் செய்த ஆய்வை 2014-இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்தில் இருக்கும் புதியவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக அமைதியாக வரச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல விட்டுவிட்டார்கள். பேசிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் அதே பயணத்தை மனதில் கற்பனை செய்து சொல்லச் சொன்னபோது, தனியாக வருவதுதான் இனிமையாக இருக்கும் என்றார்கள் மக்கள். அமெரிக்காவிலேயே இப்படியென்றால், முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டும் நம்மூரில் இவ்வளவு தயக்கம் தேவையே இல்லை.

முதலில் பாருங்கள்

ஏறியதும் பேசாதீர்கள். பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலை எடுத்து வையுங்கள், தாம்பரம் வரை சும்மா இருங்கள். வழியனுப்ப வந்தவர்களிடம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசியவர்கள், வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த நினைப்பிலேயே இருப்பார்கள். அவர்களை அப்படியே விடவேண்டும்.

இந்த நேரத்தில் யார் பேச்சுக்கு ஏற்றவர் என்று தெரிந்துவிடும். காதில் ஹெட்போன் இருந்தால் கேட்கவே வேண்டாம். போனில் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்பவர், சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தவர், பரீட்சைப் புத்தகம் வைத்திருக்கும் பிள்ளைகள், இவர்களை விட்டுவிடுங்கள். பையை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பவர், டிக்கெட்டை மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பவர், 'இது எஸ் ஃபைவ்தானே?' என்று பொதுவாகக் காற்றில் கேட்பவர், நம்மைப் பார்த்ததும் சட்டென்று கண்ணை எடுத்துக்கொள்ளாதவர், இவர்கள் பேசத் தயாராக இருக்கிறார்கள். குழந்தையோடு வருகிறவர்கள் பாதி வழியைத் தாங்களே கடந்து வந்துவிட்டவர்கள். குழந்தை உங்களைப் பார்த்துச் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள், அது போதும். கேட்காமல் குழந்தையைத் தொடவோ தூக்கவோ வேண்டாம்.

எப்படிக் கூப்பிடுவது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ரயிலில் எதிரில் இருப்பவரிடம் யாரும் 'வணக்கம்' என்று ஆரம்பிப்பதில்லை. சொல்லிப் பாருங்கள், எதையோ விற்க வந்தவர் என்றோ நன்கொடை ரசீது நீட்டப்போகிறவர் என்றோ நினைப்பார்கள். நம் பேச்சில் வணக்கத்தின் இடத்தில் முறைச்சொல்தான் இருக்கிறது. அண்ணா, அக்கா, தம்பி, அம்மா, ஐயா. அந்த ஒரு சொல்லிலேயே மரியாதை, அறிமுகம், 'என்னால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை' என்ற உறுதி எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

வயதைக் கூட்டிக் கூப்பிடாதீர்கள். நாற்பது வயதுக்காரியை 'ஆன்ட்டி' என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'அக்கா' என்று கூப்பிட்டு யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. தலை நரைத்தவரை எல்லாம் 'தாத்தா' என்றோ 'பெரியவரே' என்றோ கூப்பிட வேண்டாம். 'ஐயா' அல்லது 'சார்' போதும். 'சார்' கொஞ்சம் தள்ளி நிறுத்தும் சொல். பேச்சு சூடுபிடித்ததும் அதுவே தானாக அண்ணனாக மாறிவிடும், அவசரப்பட வேண்டாம்.

ஊருக்கு ஊர் இது மாறும். திருநெல்வேலி, தூத்துக்குடி வண்டியில் 'அண்ணாச்சி' என்றால் முகம் மலரும். மதுரைக்காரருக்கு 'அண்ணே'. கோயம்புத்தூர் வண்டியில் 'ஏனுங்க' என்றே ஆரம்பிக்கலாம், அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். ஆனால் உங்கள் வாயில் வராத வட்டார வழக்கை இழுத்துப் பேச வேண்டாம். சென்னைக்காரர் 'அண்ணாச்சி' என்று இழுத்தால் கிண்டல் செய்வது போல் கேட்கும். உங்களுக்கு எது பழக்கமோ அதையே சொல்லுங்கள்.

எல்லா ஊருக்கும் பொதுவாக ஒன்று: உங்களைவிட இளையவராக இருந்தாலும், வளர்ந்து ஆளாகிவிட்டவரை 'நீங்க' என்றே பேசுங்கள். 'தம்பி, நீங்க எதுல இறங்கணும்?' என்று கேட்டால் அந்தத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வான். டீ விற்க வருகிறவர், பெட்டியைக் கூட்டுகிறவர் எல்லோருக்கும் இதேதான். எதிரில் இருப்பவர்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

முதல் வாக்கியம்

புத்திசாலித்தனமாக எதையும் யோசிக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் கண்ணெதிரே இருப்பதிலிருந்து, ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடியதாக ஒன்றைக் கேளுங்கள். நான் இன்றும் பயன்படுத்துபவை:

'அண்ணே, செங்கல்பட்டு தாண்டிருச்சா?'
'அக்கா, ஃபேன் காத்து உங்களுக்கு வருதா?'
'இந்தச் சார்ஜர் பாயின்ட் வேலை செய்யுதாங்க?'
'ஜன்னலை இறக்கிவிடட்டுமா, தூறல் அடிக்குதே?'
'நீங்க எங்க இறங்கணும்?'

கடைசியில் சொன்னதுதான் ரயிலுக்கென்றே அமைந்த கேள்வி. 'எங்கே போறீங்க?' என்று கேட்காதீர்கள். புறப்பட்டுப் போகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்பது சகுனத்துக்கு ஆகாது என்று நினைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால்தான் வீட்டில்கூட 'தூரமா?' என்று சுற்றிக் கேட்பார்கள். 'எங்க இறங்கணும்?' என்பதில் அந்த உறுத்தல் இல்லை. ராத்திரி எழுப்பிவிட வேண்டுமா என்ற அக்கறைகூட அதில் இருக்கிறது.

கேள்வியைவிட எளிது சின்ன உதவி. மேலே பையை வைக்கத் திணறுகிறவரிடம் 'இப்படிக் குடுங்கக்கா' என்று கையை நீட்டினால் பேச்சு ஆரம்பித்துவிட்டது. உதவி கேட்பதும் அதே அளவு நல்லது. 'இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கிடுதீங்களா, தண்ணி பிடிச்சிட்டு வந்துர்றேன்' என்று ஒருவரிடம் சொல்லும்போது அவரை நம்புகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். (பணமும் போனும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.)

அப்புறம், பெர்த் மாற்றம். முழங்கால் வலிக்காரர்களுக்கு மிடிலோ அப்பரோ வந்துவிடும், அவர்கள் லோயர்காரரைத் தேடுவார்கள். ஒருமுறை எனக்கு எதிரில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, அதன் வாயில் ஈரத்துணி கட்டியிருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள பெர்த்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

'ஆச்சி, என்னது லோயர்தான். நீங்க இங்க படுத்துக்கிடுங்க, நான் மேல ஏறிக்கிடுதேன்.'

'நல்லா இருப்ப தாயி. டி.டி.ஆர். வந்தா ஏதும் சொல்லுவாரா?'

'சொல்ல மாட்டார் ஆச்சி, நான் பேசிக்கிடுதேன். நீங்க எங்க இறங்கணும்?'

'சாத்தூரு.'

அவ்வளவுதான் முதல் கட்டம். இதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது

முதல் கேள்விக்குப் பதில் வந்ததும் புதியவர்கள் செய்யும் தவறு, வேறு ஒரு புதுக் கேள்விக்குத் தாவுவது. எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று அடுக்கினால் அது விசாரணை ஆகிவிடும். வந்த பதிலுக்குள்ளேயே கையை விட்டு அடுத்த கேள்வியை எடுங்கள். ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாக வந்தது: நிறையக் கேட்பவரை மக்களுக்குப் பிடிக்கிறது, அதிலும் சொன்ன பதிலைத் தொட்டு மறுபடி கேட்பவரைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. தன் பேச்சைக் காதில் வாங்கிய ஒருவரை யாருக்குத்தான் பிடிக்காது.

ஆச்சியிடம் நான் சாத்தூர் காராச்சேவைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அது எல்லோரும் கேட்பது. என் கண் தூக்குவாளியிலேயே இருந்தது.

'அதைக் கீழ வச்சுக்கிடலாமே ஆச்சி, கை வலிக்கும்ல?'

'வேணாம்மா, வண்டி ஆட்டத்துல வேரு அசைஞ்சிரும்.'

துணியை விலக்கிக் காட்டினார். ஈரமண்ணில் ஒரு சாண் உயரத்துக்குப் பிச்சிக்கொடிப் பதியன், நான்கைந்து இலைகளோடு.

'சென்னையில வாங்குனதா ஆச்சி?'

'வாங்கல. எம் மகளுக்குக் கல்யாணம் ஆகி மெட்ராசுக்குப் போகும்போது எங்க வீட்டுக் கொடியில இருந்து ஒரு பதியன் எடுத்துட்டுப் போனா. நடுவுல மழையில்லாம எங்க வீட்டுக் கொடி பட்டுப்போச்சு. அவ மாடியில தொட்டியில நல்லாப் படர்ந்து கெடக்கு. அதான், அதுல இருந்து ஒண்ண எடுத்துட்டுப் போறேன்.'

இதற்குப் பிறகு நான் யோசித்து எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கரிசல் மண்ணில் பிடிக்குமா, எந்தப் பக்கம் வைப்பீர்கள், தண்ணீர் எப்படி என்று பேச்சு அதுவாகவே போனது. விழுப்புரம் வந்தபோது பக்கத்தில் இருந்த அண்ணனும் சேர்ந்துகொண்டு, வேரில் காற்றுப் படாமல் இருக்க வாழைமட்டை சுற்றுவது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிரில் இருப்பவரின் பொருட்களைப் பாருங்கள். யாரும் காரணமில்லாமல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் பயணம் செய்வதில்லை. பொருளைப் பற்றிக் கேட்கும்போது ஆளைத் துருவுகிற மாதிரி இருக்காது. எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கும். ஆனால் மருந்துப் பையையும் ஸ்கேன் கவரையும் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிடுங்கள்.

அவ்வப்போது உங்களைப் பற்றியும் ஒரு வரி போடுங்கள். கேட்டுக்கொண்டே இருப்பவரிடம் மனம் விடாது. 'எங்க வீட்லயும் கிணத்தடியில ஒண்ணு இருந்துச்சு ஆச்சி' என்று நான் சொன்ன பிறகுதான் அவர் காலை நீட்டி உட்கார்ந்தார். ஒரு வரி போதும். அவர் கொடியை விட்டுவிட்டு நம் கொடியின் கதைக்குப் போய்விடக் கூடாது.

பகல் வண்டியில் பழகுகிறவர்களுக்கு

பகல் வண்டியில் ஜன்னலே பேச்சைக் கொண்டுவந்து தரும். எழும்பூரிலிருந்து திருச்சி போகும்போது ஸ்ரீரங்கத்துக்கு முன்னால் கொள்ளிடம், பின்னால் காவிரி. பாலச்சத்தம் கேட்டதும் பெட்டியில் தூங்குகிறவர்கூட எட்டிப் பார்ப்பார், சிலர் காசு போட்டுக் கும்பிடுவார்கள். 'தண்ணி வந்துருச்சே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் டெல்டாக்காரர் இருந்தால் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்ததா, தள்ளிப்போனதா என்பதில் தொடங்கி அரை மணி நேரம் பேசுவார். மணப்பாறையில் முறுக்கு ஏறும், அதுவும் ஒரு வாய்ப்பு.

வைகை எக்ஸ்பிரஸில் ஐம்பது, அறுபது வயது மதுரைக்காரர் பக்கத்தில் கிடைத்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'மீட்டர் கேஜ் காலத்துல இந்த வண்டியில வந்திருக்கீங்களாண்ணே?' 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய வண்டி அது. மீட்டர் கேஜ் என்ற அந்தப் பழைய குறுகிய பாதையில் அது பறந்த வேகத்தைப் பற்றிப் பேச ஆசைப்படாத மதுரைக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேட்கக் கூடாதவை

சம்பளம், கல்யாணம் ஆகாததற்குக் காரணம், குழந்தை இல்லாததற்குக் காரணம், இவை வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கட்சி அரசியலும் முதல் சந்திப்பில் வேண்டாம்.

சாதியை மட்டும் தனியாகச் சொல்கிறேன். 'எந்த ஊர்?' வரைக்கும் சரி. அதற்குப் பிறகு 'ஊர்ல எந்தத் தெரு?', 'குலசாமி எது?', 'அங்க நம்ம ஆளுக நிறைய இருப்பாங்களே?' என்று ஒவ்வொன்றாக இறங்கும் கேள்விகள் எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெருப்பெயரைச் சொன்ன அடுத்த நொடி எதிராளியின் முகம் மாறியதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நம் பக்கத்து சீட்டில் இருக்கலாம். அவர்களுக்கு அந்தக் கேள்வி வெறும் விசாரிப்பாகக் கேட்காது. எனவே ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களிடம் யாராவது அப்படி இறங்கினால் 'நான் சென்னைதாங்க இப்ப' என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம், பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை.

இன்னொன்று, எதற்காகப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், எதிரில் ஒரு கணவனும் மனைவியும், கையில் சின்னப் பை ஒன்றுதான். பேசிப் பழகி எனக்கு நம்பிக்கை வந்திருந்த நேரம் அது. 'ஊர்ல விசேஷமாண்ணே?' என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

'துட்டிம்மா. எங்க அம்மா.'

துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. எனக்குப் பேச்சே வரவில்லை. போனை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றியது. அப்படிச் செய்யாமல் இருந்தேன், அதுதான் அன்று நான் சரியாகச் செய்த ஒன்று. 'எப்பண்ணே?' என்றேன். 'மத்தியானம். பஸ் கிடைக்கல, இதுல எப்படியோ டிக்கெட் கிடைச்சுது.' 'வயசு என்னண்ணே?' 'அறுபத்தெட்டு.' அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத் தன் அம்மாவைப் பற்றி மூன்று நான்கு வாக்கியம் சொன்னார். நடுவில் நிறுத்தினார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பத்து மணிக்கு முன்னாலேயே எழுந்து அவர்களுக்குப் படுக்க இடம் விட்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் ஆறுதல் வாக்கியம் எதையும் தேட வேண்டாம். எப்போது, என்ன வயது, இந்த இரண்டு கேள்விதான் நம்மூரில் துட்டி விசாரிக்கும் முறை. கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருங்கள். அன்றிலிருந்து நான் பயணத்தின் காரணத்தை யாரிடமும் கேட்பதில்லை. சொல்ல நினைப்பவர்கள் செங்கல்பட்டுக்குள் சொல்லிவிடுகிறார்கள்.

வாங்கிக்கொள்ளாவிட்டால்

இரண்டு தடவை ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் நிறுத்திவிடுங்கள். அதுதான் என் கணக்கு. முதல் தடவை அவர் வேறு யோசனையில் இருந்திருக்கலாம், இரண்டாவது தடவையும் 'ம்' என்றால் அவருக்கு இப்போது பேச்சு வேண்டாம். லேசாகத் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைப் பாருங்கள். நாளெல்லாம் கல்லாவில் நின்று ஆயிரம் பேரிடம் பேசிவிட்டு வந்தவராக இருக்கும், காதுக்கு ஓய்வு கேட்கிறார். நம்மைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லை.

நன்றாகப் பேசிய பிறகும், படுத்ததும் 'ரொம்பப் பேசிட்டோமோ, அசடுன்னு நினைச்சிருப்பாங்களோ' என்று மனம் குடையும். அதற்கும் ஆய்வு இருக்கிறது. எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்டது: புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரில் ஒவ்வொருவரும், எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். ஆகவே அந்தக் குடைச்சலை நம்பாமல் தூங்குங்கள்.

பெண்களுக்கும், பெண்களிடம் பேசுகிறவர்களுக்கும்

தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் குடும்பமாக இருப்பவர்களிடமோ வயதான பெண்களிடமோ ஆரம்பிப்பது நல்லது. அவர்களோடு பேச்சு ஆகிவிட்டால் அந்தப் பகுதி முழுவதுமே நமக்குத் துணை. வேலை பார்க்கும் இடம், தங்கும் தெரு, தனியாக இருக்கிறோம் என்ற விவரம் இவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. 'எங்க தங்கியிருக்கீங்க?' என்றால் 'சொந்தக்காரங்க வீட்ல' போதும். 'ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்துருவான்' என்பது எப்போதும் கைவசம் இருக்க வேண்டிய வாக்கியம். இதைப் பொய் என்று நினைத்து மனம் உறுத்த வேண்டாம். யாராவது எல்லை மீறினால் எழுந்து போய் டி.டி.ஆரிடம் சொல்லுங்கள், அல்லது 139-க்கு அழையுங்கள். ரயில்வேயின் உதவி எண் அதுதான்.

ஆண்களுக்கு: தனியாக இருக்கும் பெண்ணிடம் பேசிப் பழகிப் பார்க்க வேண்டாம். அவராக ஏதாவது கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், தொடர்வதா என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். போன் நம்பர் கேட்கவே கூடாது. உதவி செய்தோமே என்பது அதற்கு உரிமை ஆகாது.

தின்பண்டம் ஒரு சங்கடமான விஷயம். கொடுத்ததை வாங்காவிட்டால் நமக்கு மனம் கேட்காது. ஆனால் முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ரயில் நிலையத்தில் அறிவிக்கிறார்களே, அது காரணத்தோடுதான். 'இப்பதான் சாப்பிட்டேன்க்கா, வயித்துல இடமில்ல' என்று சிரித்துச் சொல்லிவிடலாம், யாருக்கும் வருத்தம் வராது. நாம் கொடுப்பதென்றால் வாழைப்பழமோ ஆரஞ்சோ கொடுங்கள். தோல் உரிக்காத பழத்தை வாங்க யாரும் தயங்க மாட்டார்கள். நான் எழும்பூரில் ஏறும் முன் எப்போதும் அரை சீப்பு வாங்கிக்கொள்வேன்.

விடைபெறுவது

பேச்சை முடிக்கத் தெரியாததாலேயே ஆரம்பிக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு. ராத்திரி வண்டியில் 'சரிக்கா, நீங்க படுங்க, காலையில சீக்கிரம் இறங்கணும்ல' என்பது போதும். முடிப்பது நமக்காக என்று இல்லாமல் அவருக்காக என்று வரும்படி சொல்லுங்கள். பகலில் 'கொஞ்சம் கண்ணை மூடுறேண்ணே' என்று சொல்லி மூடிக்கொள்ளலாம். இறங்கும்போது 'போறேன்' என்று சொல்ல வேண்டாம், 'வர்றேன்' என்று சொல்லுங்கள். மறுபடி பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தாலும் அப்படித்தான் சொல்வோம்.

அன்று சாத்தூர் வந்தபோது இன்னும் விடியவில்லை. எனக்கு அடுத்த நிறுத்தம்தான் இறங்க வேண்டியது, ஆனாலும் போனில் அலாரம் வைத்து எழுந்துவிட்டேன். வண்டி நிற்கும் நேரம் குறைவு, ஆச்சிக்கோ படியில் இறங்க இரண்டு கையும் வேண்டும். தூக்குவாளியை நான் வாங்கிக்கொண்டேன். அவர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, பிளாட்பாரத்தில் கால் ஊன்றித் திரும்பி, இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். முதலில் துணியை விலக்கி உள்ளே பார்த்தார்.

'இலை வாடல தாயி.'

'வச்சதும் நிழல் கட்டுங்க ஆச்சி.'

'கட்டுதேன். வரட்டுமா?'

'வாங்க ஆச்சி' என்றேன். வண்டி நகர்ந்தது.